தனித்தனியாகப் பதிவு செய்ததால் பாட்டின் உயிர் போய்விட்டதா? எங்கள் முதல் ஆல்பம் பற்றி ஒரு கேள்வி

ஆறுதந்தி

வணக்கம். நாங்கள் நால்வர் சேர்ந்து நடத்தும் பாப் ராக் குழுவில் நான் கிட்டார் வாசிக்கிறேன். டிரம்ஸுக்கு ஒருவர், பேஸ் கிட்டாருக்கு ஒருவர், பாட்டுக்கும் கீபோர்டுக்கும் சேர்த்து ஒருவர். மூன்று ஆண்டுகளாக மேடைகளில் வாசித்துப் பழகிய பதினொரு சொந்தப் பாடல்களை எடுத்துக்கொண்டு முதல் ஸ்டுடியோ ஆல்பத்தைத் தொடங்கியிருக்கிறோம். எங்களுக்குக் கிடைத்த 14 நாட்களில் நான்கு நாட்கள் கழிந்துவிட்டன. இரண்டு பாடல்கள் பதிவாகியுள்ளன. அந்த இரண்டுமே எங்களில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

பதிவு செய்த முறையைச் சொல்லிவிடுகிறேன். டிரம்மர் முதலில் கிளிக்கை (வேகம் தவறாமலிருக்கச் சீராகத் தட்டும் ஒலியை) மட்டும் காதில் வைத்துக்கொண்டு, பாட்டை மனத்துக்குள் ஓட்டியபடி தனியாக வாசித்தார். மறுநாள் அதன்மேல் பேஸ் ஏறியது, அதற்குப் பிறகு என் கிட்டார், கடைசியில் குரல். ஒவ்வொரு ட்ராக்கையும் தனியே போட்டுக் கேட்டால் குறை சொல்ல எதுவும் இல்லை. நான்கையும் சேர்த்துப் போட்டால், முன்பின் அறிமுகமில்லாத நால்வர் அடுத்தடுத்து நின்று அவரவர் வேலையைச் செய்துவிட்டுப் போவதுபோல் இருக்கிறது.

நேற்றிரவு, ஆறு மாதங்களுக்கு முன் ஒத்திகை அறையில் கைபேசியில் பிடித்துவைத்திருந்த அதே பாடலைத் தற்செயலாகக் கேட்டோம். பாடகரின் சொற்கள் பாதி புரியவில்லை. சிம்பல் ஓசை எல்லாவற்றையும் மூடுகிறது. என் கிட்டாரின் இரண்டாம் தந்தி சுருதி விலகி நிற்கிறது. அப்படியிருந்தும் இரண்டாம் பல்லவிக்குள் குழு நுழையும் இடத்தில் எங்கள் நால்வருக்கும் உடம்பு சிலிர்த்தது. ஸ்டுடியோப் பதிவில் அதே இடம் வெறுமனே கடந்துபோகிறது.

இரண்டு பாடல்களையும் தூக்கிப் போட்டுவிட்டு, எல்லோரும் ஒன்றாக வாசிக்கும் முறையில் முதலிலிருந்து தொடங்கலாமா? மீதமிருக்கும் பத்து நாட்களில் பதினொரு பாடல்களையும் அப்படி முடிக்க முடியுமா? அல்லது இந்த வறட்சியெல்லாம், பதிந்தவற்றைச் சேர்த்துச் சமன்செய்யும் மிக்ஸிங்கில் சரியாகிவிடக்கூடியதுதானா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

ஒலிமேசை

நண்பரே, பல ஆண்டுகளாக ஒலிப்பதிவுப் பொறியாளராக இருக்கிறேன். நீங்கள் சொல்லும் இந்த மனவருத்தத்தை, முதல் ஆல்பம் செய்ய வந்த பல குழுக்களின் முகத்தில் நான்காம் ஐந்தாம் நாளில் பார்த்திருக்கிறேன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கைபேசிப் பதிவை நம்புவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கைபேசியில் ஒலி அளவைத் தானாகக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு இருக்கிறது. டிரம்ஸ் ஓங்கி ஒலித்தால் அது மொத்த ஒலியையும் அழுத்தும். ஓய்ந்தால் உடனே தூக்கிவிடும். அதனால் நான்கு வாத்தியங்களும் ஒரே மூச்சில் ஏறி இறங்குவதுபோல் கேட்கும். நீங்கள் உயிர் என்று உணர்வதில் ஒரு பங்கு இந்த அழுத்தத்தால் வருவது. அந்தப் பங்கை மிக்ஸிங்கில், இதே அழுத்தத்தைச் செய்யும் கம்ப்ரஸரைக் கொண்டு ஓரளவு திரும்பக் கொண்டுவரலாம். ஆனால் இரண்டாம் பல்லவியில் வந்த சிலிர்ப்பு அங்கிருந்து வந்திருக்காது. இரண்டு பதிவுகளையும் மென்பொருளில் அருகருகே வைத்து, சரணத்திலும் பல்லவியிலும் டெம்போ (நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு) எவ்வளவு என்று தனித்தனியாக அளந்து பாருங்கள். ஒன்றாக வாசிக்கும் குழு பல்லவியில் தன்னையறியாமல் இரண்டு மூன்று துடிப்பு வேகம் பிடிக்கும். கிளிக் அதற்கு இடம் கொடுக்காது. உங்கள் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படி இருந்தால் கிளிக்கைக் கைவிட வேண்டியதில்லை. கிளிக்கின் காலப்பிரமாணத்தையே பாட்டுக்குத் தகுந்தபடி பகுதி பகுதியாக மாற்றி அமைத்துக்கொள்ளலாம். சரணத்துக்கு ஓர் அளவு, பல்லவிக்கு அதைவிடச் சற்று மேலே, இடையிசை முடிந்து திரும்பும்போது மீண்டும் கீழே என்று அரை நாள் உட்கார்ந்து பதினொரு பாடல்களுக்கும் வரைபடம் போட்டுவிடுங்கள். பதிவுக்கு முந்தைய தயாரிப்பு என்று நாங்கள் சொல்வதில் பெரும்பகுதி இதுதான்: எந்த வேகம், பாடகருக்கு எந்தச் சுருதி, எந்த இடத்தில் யார் வாசிக்காமல் இருப்பது. மூன்றாவதைப் பலர் யோசிப்பதே இல்லை. முதல் சரணத்தில் கிட்டார் எட்டு பார் (தாளச் சுற்று) பேசாமல் இருந்தால், அது நுழையும்போது பல்லவிக்கு வேறெதுவும் தேவைப்படாது.

இனி உங்கள் முதல் கேள்வி. தூக்கிப் போடுங்கள். தயக்கமே வேண்டாம். தனித்தனியாகப் பதிவதில் தவறில்லை. குரல் இல்லாமல், பேஸ் இல்லாமல், டிரம்மரை வெறும் கிளிக்கோடு தனியே உட்காரவைத்ததுதான் தவறு. அவர் எதற்குப் பதில் சொல்லி வாசிப்பார்? பேஸும் கிட்டாரும் பின்னால் வந்து அவருக்குப் பதில் சொல்லலாம். அவர்கள் சொன்னதைக் கேட்டு அவர் தன் வாசிப்பை மாற்றிக்கொள்ள வழியே இல்லையே.

நால்வரும் ஒரே நேரத்தில் வாசியுங்கள். டிரம்ஸ் பெரிய அறையில் இருக்கட்டும். பேஸை மைக் இல்லாமல், கிட்டாரைப் பதிவுக்கருவியோடு இணைக்கும் டிஐ பெட்டி வழியாக நேரடியாக எடுத்துவிட்டால் அது எந்த மைக்கிலும் கசியாது. உங்கள் கிட்டார் ஆம்ப்ளிஃபயரை வேறோர் அறையில் வைத்துக் கதவை மூடிவிட்டு, நீங்கள் மட்டும் டிரம்மருக்கு எதிரில் அவர் முகம் தெரியும்படி நின்று வாசியுங்கள். பாடகர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று, பின்னால் மாற்றப்போகும் குரல்தானே என்று எண்ணாமல், முழு மனத்தோடு பைலட் (மற்றவர்களுக்கு வழிகாட்டும் தற்காலிகக் குரல்) பாடட்டும். இந்த டேக்கில் (ஒரு முறை வாசித்துப் பதிவதில்) நீங்கள் கட்டாயம் காப்பாற்ற வேண்டியது டிரம்ஸும் பேஸும்தான். கிட்டாரையும் குரலையும் பிறகு தேவையான இடங்களில் ஓவர்டப் செய்துகொள்ளலாம், அதாவது இருக்கும் பதிவின்மேல் தனியாகப் பதிந்து சேர்க்கலாம். ஆனால் அந்த டிரம்ஸ், உங்கள் கிட்டாரையும் அவருடைய பாட்டையும் கேட்டு வாசித்த டிரம்ஸாக இருக்கும். வித்தியாசம் அதில்தான்.

பத்து நாட்கள் போதுமா என்று கேட்கிறீர்கள். பீட்டில்ஸ் தம் முதல் ஆல்பத்தின் பத்துப் பாடல்களை 1963 பிப்ரவரி 11 அன்று, லண்டன் இஎம்ஐ ஸ்டுடியோவில் ஒரே நாளில் பதிந்தார்கள். மேடையில் வாசித்து வாசித்து அவர்கள் கைக்குள் ஏறிவிட்ட பாடல்கள் என்பதால் அது நடந்தது. அதே குழு நான்கே ஆண்டுகளில், 1966 நவம்பரிலிருந்து 1967 ஏப்ரல் வரை ஏறக்குறைய ஐந்து மாதம் எடுத்துக்கொண்டு, நான்கு ட்ராக் டேப் இயந்திரத்தில் ஓவர்டப்மேல் ஓவர்டப்பாக அடுக்கி, இடம் போதாமல் நான்கை ஒன்றாகச் சுருக்கி, மேலும் அடுக்கி இன்னோர் ஆல்பத்தைச் செய்தது. இரண்டு முறையிலும் நல்ல இசை வந்தது. உங்கள் பாடல்கள் மூன்று ஆண்டுகள் மேடை கண்டவை. முதல் முறைக்குத்தான் நெருக்கமானவை.

என் கணக்கு இப்படிப் போகும். முதல் நாளில் பாட்டு எதையும் பதியாதீர்கள். டிரம்ஸின் ஒலியை அமைக்க மட்டும் அந்த நாள். மேலே தொங்கும் இரண்டு ஓவர்ஹெட் மைக்குகளும் ஸ்னேர் டிரம்மிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று ஒரு நூலைப் பிடித்து அளந்து பாருங்கள். ஒலி ஒரு மில்லி விநாடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் செல்கிறது. ஒரு மைக் ஒரு சாண் தள்ளியிருந்தாலே ஸ்னேர் இரண்டிலும் வெவ்வேறு நேரத்தில் விழுந்து, சேர்த்துக் கேட்கும்போது மெலிந்துவிடும். ஸ்னேரின் அடியில் மைக் வைத்தால் அதன் ஃபேஸை (ஒலியலையின் ஏற்ற இறக்கத்தை) தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். எந்த நிலையில் ஒலி கனத்து வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையை மிக்ஸிங்குக்குத் தள்ளிவைத்தால் அங்கே மூன்று நாள் போகும். அடுத்த மூன்று நாட்களில், நாளுக்கு நான்கு பாடல் வீதம் நால்வரும் சேர்ந்து அடிப்படைப் பதிவை முடித்துவிடுங்கள். அதன் பிறகு மூன்று நாள் கிட்டார், கீபோர்டு ஓவர்டப். கடைசி மூன்று நாள் குரல். மிக்ஸிங்கை இந்தப் பத்து நாளுக்குள் திணிக்காதீர்கள். இரண்டு வாரம் கழித்து, காது புதிதான பிறகு செய்யுங்கள்.

பதிவின் ஒலி அளவை வைக்கும்போது 24 பிட்டில் உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தொட்டால் போதும். அதற்குமேல் தள்ளுவதால் எந்த லாபமும் இல்லை.

---

தாளக்காரன்

மேலே எழுதியவர் சொன்னதில் டிரம்மரின் பக்கம் கொஞ்சம் சேர்க்க விரும்புகிறேன். நானும் டிரம்ஸ் வாசிப்பவன்.

உங்கள் டிரம்மரைத் தயவுசெய்து குறை சொல்லிவிடாதீர்கள். கிளிக்கோடு மட்டும் நான்கு நிமிடம் தனியாக வாசிக்கச் சொன்னால், யாராக இருந்தாலும் தவறு வந்துவிடக் கூடாது என்பதிலேயே கவனம் முழுவதும் போய்விடும். காதில் பாட்டு இருந்தால் கை பாட்டுக்கு வாசிக்கும். ஆகவே ஹெட்ஃபோனில் அவருக்கு முதலில் குரல் வேண்டும், பிறகு பேஸ், அதற்குக் கீழே கிளிக். கிளிக் ஒவ்வொரு துடிப்புக்கும் அடிக்க வேண்டியதில்லை. பாடல் நன்றாகப் பழகியிருந்தால் பாருக்கு இரண்டு தட்டு போதும். நடுவில் கிடைக்கும் இடத்தில்தான் லயம் இழுத்தும் தளர்ந்தும் மூச்சுவிடும்.

எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். நான் வாசித்த முதல் ஆல்பத்தில் மெதுவான பாடல் ஒன்று, ஒரேயொரு சிம்பல் அடியோடு முடிந்து, அந்த ஓசை எட்டு ஒன்பது விநாடி கரைந்து மறையும். அதைத்தான் அந்தப் பாடலில் நான் மிகவும் நேசித்தேன். மிக்ஸிங்கின்போது அந்த இடத்தை ஒலி கூட்டிக் கேட்டால், கரையும் சிம்பலுக்குள் 'டிக், டிக்' என்று கிளிக் கேட்டது. என் ஹெட்ஃபோனிலிருந்து கசிந்து ஓவர்ஹெட் மைக்கில் விழுந்திருக்கிறது. பதிந்த அன்று யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அன்று எல்லோர் காதிலும் கிளிக் இருந்தது. ஒரே ஒரு சிம்பல் அடிக்காக மொத்த செட்டையும் மறுபடி பூட்டி, மைக் வைத்து வாசித்தேன். முதல் அடியின் நிறம் பிறகு வரவே இல்லை. கடைசி அடி விழுந்த நொடியில் கிளிக் தானாக நின்றுவிடும்படி ஒவ்வொரு பாடலிலும் முன்கூட்டியே அமைத்துவிடச் சொல்லுங்கள். காதை முழுவதும் மூடும் ஹெட்ஃபோனாகவும் இருக்கட்டும்.

தோல்களைப் பதிவுக்கு முந்தைய நாளே மாற்றிவிடுங்கள். புதுத் தோல் இழுபட்டு நிலைகொள்ளச் சில மணி நேரம் ஆகும். அதுவரை ஒவ்வொரு டேக்குக்கும் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். மெதுவான பாடல்களுக்கு ஸ்னேரைச் சற்று இறக்கிக் கட்டுங்கள். ஒரே ஸ்னேர் பதினொரு பாடலுக்கும் ஒரே குரலில் பேசினால் கேட்பவருக்கு ஐந்தாம் பாடலிலேயே சலிப்புத் தட்டும்.

பதிந்த பிறகு, எல்லா அடிகளையும் கட்டத்துக்குள் இழுத்து நேர்ப்படுத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். காதை உறுத்தும் அடியை மட்டும் நகர்த்துங்கள். திரையில் கோட்டை விட்டு விலகியிருக்கிறது என்பதற்காக ஓர் அடியையும் தொட வேண்டாம்.

---

இரண்டாங்குரல்

பதினைந்து ஆண்டுகளாகப் பின்னணிக் குரல் பாடுகிறேன். ஒலிமேசை ஐயா சொன்ன எல்லாவற்றையும் ஏற்கிறேன். கடைசி மூன்று நாட்களைக் குரலுக்கு ஒதுக்கியதை மட்டும் ஏற்க முடியவில்லை. மூன்று நாளில் பதினொரு பாடல் என்றால், பாடகர் நாளுக்கு நான்கு பாடல் முழுத் தொண்டையில் பாட வேண்டும். இரண்டாம் நாள் பிற்பகலுக்குள் மேல் ஸ்தாயி கரகரக்கத் தொடங்கிவிடும். நாள் முடிகிறதே என்ற அவசரத்தில் அந்தக் கரகரப்போடேயே ஒப்புக்கொண்டுவிடுவார்கள். அந்தக் குரல்தான் பிறகு என்றைக்கும் இருக்கும்.

கிட்டார் ஓவர்டப் நடக்கும் நாட்களிலிருந்தே, நாளுக்கு இரண்டு பாடல் என்று குரலையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். பாடகருக்குத் தொண்டை எந்த நேரத்தில் திறக்கிறதோ, அந்த நேரத்தைக் கிட்டார்காரர் விட்டுக்கொடுக்க வேண்டும். தொண்டையைக் கிழிக்கும் பாடலை அன்றைய நாளின் கடைசிக்கு வையுங்கள். ஒலிமேசை ஐயா குறிப்பிட்ட அந்த 1963 பிப்ரவரி நாளிலும் ஜலதோஷத்தோடு இருந்த ஜான் லெனன், கத்திப் பாட வேண்டிய பாடலைக் கடைசியாகத்தான் பாடினார். அதன் முதல் டேக்கே ஆல்பத்தில் இருக்கிறது.

ஒரு பாடலை முழுவதுமாக நான்கைந்து முறை பாடிவிட்டு, ஒவ்வோர் அடிக்கும் எந்த டேக் நல்லது என்று பாடல் வரி அச்சடித்த தாளில் குறித்துத் தொகுத்துக்கொள்ளலாம். வரிவரியாக நிறுத்தி நிறுத்திப் பாடவைக்காதீர்கள். ஒரு வரியின் முடிவிலிருந்து அடுத்த வரிக்குள் போகும் மூச்சு அறுந்துவிடும். பைலட் குரலையும் அழிக்க வேண்டாம். யாரும் கவனிக்கவில்லை என்ற நிம்மதியில் பாடியது அது. நாலைந்து வரிகளாவது அதிலிருந்து இறுதிப் பதிவுக்கு வரும்.

பின்னணிக் குரல்களில் ஒரு நுணுக்கம். நான்கு குரல்கள் சேர்ந்து 'காற்று' என்று பாடினால், அந்த 'ற்று' நான்கு இடத்தில் விழுந்து சரளைக்கல் கொட்டியதுபோல் கேட்கும். முதன்மைப் பாடகர் மட்டும் வல்லினத்தை அழுத்திச் சொல்லட்டும். மற்றவர்கள் 'கா' என்ற நெடிலைத் தாங்கி நிறுத்தி, மெய்யெழுத்தை வாய்க்குள்ளேயே விழுங்கிவிட வேண்டும். சகரத்துக்கும் இதே முறைதான்.

---

ஒலிமேசை

குரல் விஷயத்தில் இரண்டாங்குரல் சொன்னதே சரி. என் அட்டவணையில் அந்தப் பகுதியை மாற்றிக்கொள்ளுங்கள். பொறியாளருக்கு வசதியான வரிசை பாடகருக்கும் வசதியாக இருக்கும் என்று எண்ணிவிட்டேன்.

---

ஆறுதந்தி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் எழுதியதை நால்வரும் உட்கார்ந்து ஒருமுறைக்கு இருமுறை படித்தோம். முதல் வேலையாக டெம்போவை அளந்தோம். ஸ்டுடியோப் பதிவு தொடக்கம் முதல் முடிவு வரை 112. கைபேசிப் பதிவில் முதல் சரணம் 111, முதல் பல்லவி 113, எங்களுக்குச் சிலிர்த்த அந்த இரண்டாம் பல்லவி 116. கடைசியில் மறுபடி 114. நாங்கள் இப்படி வாசிக்கிறோம் என்பது எங்களில் எவருக்கும் தெரியாது. டிரம்மர் அந்த எண்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். தன்மேல்தான் குறை என்று நான்கு நாளாக வருந்திக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

நேற்று அந்த எண்களைச் சற்றே சமன்படுத்தி கிளிக் வரைபடம் போட்டு, நால்வரும் சேர்ந்து அதே பாடலை வாசித்தோம். முதல் இரண்டு டேக்குகள் பதற்றத்தில் போயின. மூன்றாவது டேக்கைக் கட்டுப்பாட்டு அறையில் கேட்டபோது யாரும் பேசவில்லை; அந்த இடம் திரும்ப வந்துவிட்டது. ஆனால் அதே இரண்டாம் பல்லவியின் மூன்றாவது பாரில் பேஸ்காரர் ஒரு ஸ்வரம் தவறாகத் தொட்டிருக்கிறார். அவருக்கு அது பெரும் உறுத்தலாக இருக்கிறது, மறுபடி நால்வரும் வாசிக்கலாம் என்கிறார். நான்காவது, ஐந்தாவது டேக்குகளும் வாசித்துப் பார்த்தோம். பிழை இல்லை, ஆனால் மூன்றாவதில் இருந்தது அவற்றில் இல்லை. என்ன செய்யலாம்?

இன்னொன்றும் கேட்கிறேன். பாடல்களின் வரிசையை இப்போதே தீர்மானிக்க வேண்டுமா?

---

ஒலிமேசை

மூன்றாவது டேக்தான். இனிமேல் நான்கையும் ஐந்தையும் கேட்டு மனத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பேஸ் நேரடியாக எடுக்கப்பட்டிருப்பதால் அதன் ட்ராக்கில் வேறு எந்த ஒலியும் இல்லை. எனவே பேஸ்காரர் அதே கிட்டாரை, அதே தந்திகளோடு, குமிழ்களை அப்படியே வைத்து, இரண்டு பாருக்கு முன்னாலிருந்து கூடவே வாசித்துக்கொண்டு வந்து அந்த ஒரு பாரை மட்டும் பதிந்தால் போதும். இன்றே செய்துவிடுங்கள். நாளைக்குத் தந்தியின் பளபளப்புக் குறைந்திருக்கும், ஒட்டுப்போட்ட இடம் தெரியும்.

அதோடு நில்லுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒன்றைத் திருத்தியதும் அடுத்தது கண்ணில் படும். ஃப்ளீட்வுட் மேக் குழு 1976-இல் மாதக்கணக்கில் ஓவர்டப் செய்தபோது, அதே டேப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டியதில் அது தேய்ந்து டிரம்ஸின் கூர்மையே மங்கிவிட, எடுத்துவைத்திருந்த பாதுகாப்புப் பிரதிக்கு ஓவர்டப்புகளை மாற்றித்தான் ஆல்பத்தைக் காப்பாற்றினார்கள். இன்றைய கோப்புகள் தேய்வதில்லை; அதனால் எப்போது போதும் என்று சொல்ல டேப்பும் இல்லை.

வரிசையை இப்போது முடிவு செய்ய வேண்டாம். ஆனால் முதல் பாடலும் கடைசிப் பாடலும் எவை என்று தெரிந்திருந்தால், அவற்றின் தொடக்கத்தையும் முடிவையும் அதற்கேற்ப வாசிக்கலாம். இசைத்தட்டாகவும் வெளியிடும் எண்ணம் இருந்தால் ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்தைச் சுற்றி நிறுத்துங்கள். தட்டு ஒரே வேகத்தில் சுழன்றாலும், வெளி விளிம்பில் விநாடிக்கு 50 சென்டிமீட்டர் அளவில் ஊசியைக் கடக்கும் பள்ளம், உள்பக்கம் வரும்போது 20 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். அங்கே உரத்த சிம்பலும் சகர ஒலியும் சிதையும். ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் மென்மையான பாடலை வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வெளியீட்டுக்கு முந்தைய இறுதிக் கட்டமான மாஸ்டரிங்கில் மெதுவான பாடலை மற்றவற்றுக்குச் சமமாக உரக்கத் தூக்கிவிடும்படி கேட்காதீர்கள். ஆல்பமாகத் தொடர்ந்து கேட்கும்போது ஸ்பாட்டிஃபை போன்ற தளமும் எல்லாப் பாடல்களுக்கும் ஒரே அளவு மாற்றத்தைத்தான் செய்கிறது, பாடல்களுக்கு இடையிலான ஏற்ற இறக்கத்தை அப்படியே விட்டுவிடுகிறது.

---

ஆறுதந்தி

பேஸ்காரர் அந்த ஒரு பாரை இன்று காலை வாசித்துவிட்டார். மூன்று முயற்சிகள், இரண்டாவதை வைத்துக்கொண்டோம். பழைய பதிவின் கோப்புகளைத் தனி உறையில் போட்டு வைத்திருக்கிறோம், திறப்பதாக இல்லை. டிரம்மர் இப்போது அடுத்த பாடலுக்காக ஸ்னேரை இறக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.